மூணு விரல் பிளேட்

ஓர் ஆளின் இடது முழங்காலுக்கு முந்நூறு ரூபாய். தொண்ணூற்றிரண்டில் திருப்பூரில் அதுதான் ரேட்டு. அதற்கு மேல் ஒரு பைசா கொடுத்தால் ஏமாந்தவன் என்று பேர்.

அருள்புரம் தங்கவேலு ஏமாறாதவர். அப்பா மாட்டுத் தரகர். மகன் பனியன் கம்பெனி முதலாளியான பிறகும் தோளில் துண்டு கிடந்தது. விலை பேசும்போது கை தானாக அதற்குள் போய்விடும். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள், எத்தனை விரலோ அத்தனை. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். தலையாட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் பேச்சை மாற்றுகிறவன் தரகனுக்குப் பிறந்தவனே இல்லை.

அவரிடம் பழைய ஜீப் ஒன்று. வாரமெல்லாம் துணிக்கட்டு சுமக்கும்; ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைத் தோப்பில் தேங்காய் சுமக்கும். ஓட்டியவன் வீரணன், உசிலம்பட்டிப் பக்கம். அவன் மனைவி ஒச்சாயிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. கிளட்ச் வழுக்கத் தொடங்கி, அதற்குள் இருக்கும் பிரஷர் பிளேட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது வீரணன் வாயைத் திறந்தான்.

"மொதலாளி, இந்த வாட்டியாச்சும் டயாபிரம் பிளேட்டாப் போட்ருவோம். இதை மிதிச்சு மிதிச்சு முட்டி வீங்கிக் கெடக்கு. கால் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது."

"உன்ற காலை விடவா காசு பெருசு? வா போலாம்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆறுச்சாமியும் சந்தைக் குடும்பம்தான். இரண்டு அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"பாருங்க மாமா. இது மூணு விரல் பிளேட்டுங்க. சுத்தியும் ஸ்பிரிங்கு, நடுவுல மூணு இரும்பு விரல். உழவு எருதாட்டம் முரடு, ஆனா பாரம் இழுக்கும். விரல் தேஞ்சா விரலை மட்டும் மாத்திக்கலாம். அறநூறுங்க. இது டயாபிரம். ஒரே தட்டைப் பூவாட்டம் கீறி உட்டிருக்கான், அதுவே ஸ்பிரிங்கு. கறவை மாடுங்க, காலை வெச்சாவே அமுங்கிக்கும். ஆனா போச்சுன்னா முழுசாப் போச்சு. தொள்ளாயிரம்."

"கறவைக்கு எப்பவுமே வெலை சாஸ்தி," என்று தங்கவேலு துண்டை எடுத்தார். டிரைவர் முன்னால் விலை பேசினால், நாளைக்கு அவன் சம்பளம் பேசுவான்.

டயாபிரத்தின் தொள்ளாயிரத்தில் முந்நூறு குறை என்று மூன்று விரலைப் பிடித்தார். மூணு விரல் பிளேட்டைக் கேட்கிறார் என்று ஆறுச்சாமி எடுத்துக்கொண்டார். இருவரும் தலையாட்டினார்கள். தங்கவேலு எண்ணிக் கொடுத்ததும் அறுநூறு, ஆறுச்சாமி எதிர்பார்த்ததும் அறுநூறு. சந்தேகப்பட யாருக்கும் வழியில்லை.

பட்டறையில் பெட்டியைப் பிரித்தால் மூன்று இரும்பு விரல்.

"பெட்டி மாறிருச்சு மொதலாளி. மாத்திட்டு வந்துரவா? கூட முந்நூறுதான?"

திரும்பப் போனால், துண்டுக்குள் தன் கை தப்பாகப் பேசிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தரகன் மகனுக்கு விரல் பிடிக்கத் தெரியவில்லை என்று வெள்ளகோவில் வரைக்கும் சிரிப்பார்கள். தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாங் கேட்டதே அதுதான்டா. பாரவண்டிக்கு ஆராச்சும் கறவை மாட்டைப் பூட்டுவாங்களா? மாட்டு."

புது ஸ்பிரிங் விறைப்பு. வீரணன் பெடலை மிதித்தால், பெடல் அவனைத் திருப்பி மிதித்தது. ஐப்பசி மழையில், தேங்காய்ப் பாரத்தோடு வாய்க்கால் கரையில் ஏற்றும்போது, பாதி மிதித்த காலில் முட்டி 'மளுக்' என்றது. ஜீப் துள்ளிப் போய்த் தென்னை மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு ஒன்றுமில்லை. ஜீப்புக்கும் ஒன்றுமில்லை. நடக்கலாம், வண்டி மட்டும் ஓட்டக்கூடாது என்று வீரணனுக்கு டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒச்சாயி தோளைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கு வந்தான். ஆறுச்சாமியும் அன்றைக்கு அங்கே இருந்தார். வீரணன் தன் துண்டை எடுத்து நீட்டினான்.

"நாலு பேர் முன்னால காசு கேட்டா ஒங்களுக்குக் கவுரவக் கொறச்சல் மொதலாளி. ஒங்க வழக்கப்படியே கேக்குறேன்."

துண்டுக்குள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். தங்கவேலு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "சரி!" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. தர்மப்பிரபு என்று வாசலில் யாரோ சொன்னார்கள். உள்ளே போய் ஐந்து நூறு ரூபாய்த் தாளோடு வந்தார்.

"மொதலாளி... நான் அஞ்சாயிரத்துக்குல்ல புடிச்சேன்?"

"காளைக்குப் புடிச்சா ஆயிரம், கன்னுக்குப் புடிச்சா நூறு. காலு எந்தச் சந்தைக்கு வந்துச்சு? நானே ஒரு வெலை போட்டுக் குடுக்கறேன். ஏனுங்க ஆறுச்சாமி, நியாயந்தானுங்களே?"

ஆறுச்சாமி செருப்பைத் தேடினார். "துண்டுக்குள்ள போனதை நான் எப்படிங்க மாமா சொல்றது?"

ஒச்சாயிதான் பேசினாள். "மூணு வெரலுக்கும் நூறு, அஞ்சு வெரலுக்கும் நூறு. ஒங்க கைக்கு ஆயிரம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதாக்கும். இதுல பெரிய தரகரு கணக்காத் துண்டு வேற."

பேசிய வாய்க்கு மறுநாள் செக்கிங் டேபிளில் இடமில்லை.

புது டிரைவர் அழகுமலை வந்தான். பெடலில் ஒருதரம் காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டான். "டயாபிரம் போடுங்க, அப்பறம் கூப்புடுங்க." டிரைவர் கிடைக்காத தீபாவளிச் சமயம். தங்கவேலு தொள்ளாயிரத்தையும் கையில் கொடுத்து வாங்கினார், துண்டை எடுக்காமலே.

இப்போதும் யாராவது டீ குடிக்க உட்கார்ந்தால் அந்தக் கணக்கைச் சொல்லுவார். மூணு விரல் பிளேட் அறுநூறு. வீரணனுக்கு ஐநூறு. டயாபிரம் தொள்ளாயிரம். ஆக இரண்டாயிரம். முதலிலேயே டயாபிரம் வாங்கியிருந்தால் தொள்ளாயிரத்தோடு போயிருக்கும். "அந்த வீரணனால எனக்கு ஆயிரத்து நூறு கை நட்டமுங்க."

கூட்டல் சரி, கழித்தலும் சரி. முழங்கால் மட்டும் பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.