அவர் ஏற்றிய சார்ஜ்

தையல்காரி பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தாள். உப்பல் இல்லை. மீட்டரும் முழுச் சார்ஜ் காட்டியது. மறுநாள் மைதானத்தில் பொம்மை விமானம் விடுவதற்காகக் கணவர் ஏற்றி வைத்தது. விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. உள்ளே இருப்பது அவர் ஏற்றிய மின்சாரம் என்பதாலேயே, அதை இத்தனை மாதமும் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அதுதான் தப்பு என்றார் பொம்மை விமானக் கடைக்காரர். "முழுசா ஏத்தி மாசக்கணக்கா வெச்சா உள்ளுக்குள்ளயே கெட்டுப்போயிடும்மா. சும்மா வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்லதான் வைக்கணும். மீட்டர் நல்லாத்தான் காட்டும், மோட்டார் இழுக்க ஆரம்பிச்சா படுத்துக்கும். புதுசு போடுங்க."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அது பாழாய்ப் போவதற்குள் ஒரே ஒரு தடவை, அந்தச் சார்ஜிலேயே அவர் செய்த விமானம் பறந்து, முழுசாக இறங்க வேண்டும். கடைக்காரரிடம் பழைய விமானம் ஒன்றை இரவல் வாங்கி, விழுந்ததை ஒட்டி, ஒட்டியதை மறுபடி விழ விட்டு, விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டாள்.

மைதானத்துக்கு நாத்தனாரும் வந்தாள். வராமல் இருப்பாளா?

"அண்ணி, அது எங்கண்ணன் கையால செஞ்ச கடைசி ப்ளேன். ஒடைஞ்சுதுன்னா உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"மிதிக்காம எங்க போவ? உன் இடுப்புக்கு வருஷா வருஷம் யாரு துணியைப் பிரிச்சுத் தைப்பா?"

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

விமானம் கையை விட்டதும் ஜிவ்வென்று ஏறியது. புதிதாக விடுகிறவர்கள் எல்லோரும் ரிமோட்டின் விசையை முழுக்கத் தள்ளியே சார்ஜைத் தின்று தீர்ப்பார்கள். அவள் உயரம் வந்ததும் பாதியாகக் குறைத்தாள். முள்வேலிக்கு அப்பால் ஒரு வட்டம். இரண்டாவது வட்டத்தின் நடுவில் விசிறி பொசுக்கென்று நின்றது.

"என்ன அண்ணி, சத்தத்தைக் காணோம்? ஃபுல்லுன்னீங்களே!"

"பேசாம இரு."

சார்ஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, வாலைத் திருப்ப மட்டும் மிச்சம் வைக்கிற ஏற்பாடு அது. மூக்கைத் தூக்கச் சொல்லி விரல் பரபரத்தது. தூக்கினால் வேகம் செத்துக் கல்லாய் விழும். அவள் மூக்கைத் தாழ்த்தி, விசையை அடியோடு இறக்கினாள். சற்று ஓய்வு கொடுத்தால், களைத்த பேட்டரி ஒரு மூச்சுக்குத் தேறும். அந்த ஒரு மூச்சை மேலேயே செலவழித்துவிடக் கூடாது.

விமானம் சத்தமில்லாமல் வந்தது. தாழ்ந்தது. வேலியின் முட்கள் அதற்கு நேராக நின்றன.

"அண்ணி..."

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இப்போது.

விசையைத் தொட்டாள். விசிறி ஒரு தரம் உறுமியது. விமானம் வேலிக்கு மேல் எம்பி, மறுபடி ஓய்ந்து, புல்லில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

நாத்தனார்தான் முதலில் ஓடினாள். சிறகுகளைத் தடவினாள். பிறகு மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சூடா இருக்கு அண்ணி."

தையல்காரி தன் கையை அவள் கைமேல் வைத்தாள். இருவரும் வெயிலில் நின்றார்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தச் சூடு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.