குளிர்குழாய்க்குப் போகும் தண்ணீர்

பீர் பீப்பாயின் கழுத்தைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். காலியாகத்தானே இருக்கிறது என்று நம்பி வளையத்தைக் கழற்றினால், நடுவிலிருக்கும் நீளக் குழாய் அம்பு மாதிரி கிளம்பி முகத்தில் அடிக்கும். நோலின் ஒரு ஸ்குரூடிரைவரின் முனையால் வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று நீளமாகச் சீறி, புளித்த வாடை ஒன்றைக் கக்கிவிட்டு, பீப்பாய் அடங்கியது.

"முடிஞ்சுதா?" என்றான் அவள் கணவன் பெவன், ஷெட்டுக்கு வெளியே இருந்து.

"முடிஞ்சுது. நீ ஏன் புல்வெட்டி மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிற?"

"ஒளியல. அதுக்குத் துணையா நிக்கிறேன். பாவம், பயந்த மெஷின்."

பெவன் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தான். சம்பளம் வாங்கும் படை இல்லை. கசாப்புக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், டிராக்டர் விற்கிறவர் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. நியூசிலாந்தின் தெற்கே எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் வேறு படை கிடையாது. தீயணைப்பு நிலையத்தின் உச்சியில் இருக்கும் சைரன் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். போன குளிர்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட் வெடித்தது. வீட்டில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரைப் பெவன்தான் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்து வந்தான். கூரைத் தகரம் ஆட்டு மந்தையைத் தாண்டிப்போய் விழுந்திருந்தது. அதன் பிறகு கெட்டில் கூவினாலே அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

இப்போது அவன் மனைவியே அந்தப் பீப்பாயை வைத்துச் சாராயம் காய்ச்சும் கலம் கட்டுகிறாள்.

இதில் சட்டத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் நாட்டில் தன் வீட்டில் தனக்காகக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்றால்தான் குற்றம். நோலின் பல வருடங்களாகப் பால் கறக்கும் எந்திரங்களைப் பழுதுபார்த்தவள். எவர்சில்வர் குழாயும் ரப்பர் வளையமும் பாம்பு மாதிரி சுற்றிப் பிடிக்கும் கவ்வியும் அவளுக்குக் கைப்பழக்கம். கொல்லையில் மூன்று பிளம்ஸ் மரங்கள் காய்த்துக் கொட்டின. ஜாம் வைக்க அலமாரியில் இடமில்லை. பழத்தை நசுக்கிப் புளிக்க வைத்தாள். புளித்ததைக் காய்ச்சிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

பெவன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

"நான் வீட்ல இருந்தா அது ஓடட்டும். நான் இல்லன்னா அணைஞ்சிருக்கணும். பாதியில சைரன் அடிச்சாலும் சரி, அந்த நிமிஷமே அணைச்சிடணும்."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத நோலி."

"சும்மா சொல்லல. சரி."

கலம் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புளித்த சாற்றில் தண்ணீரும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. சாராயம் தண்ணீருக்கு முன்னால் ஆவியாகும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் மறுபடி திரவமாகச் சொட்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஆவி போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

அவள் பீப்பாயின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டாள். வெந்நீர்த் தொட்டிகளில் போடுவார்களே, அந்த மாதிரி மின்சாரக் கம்பிச் சுருள் ஒன்றை அதில் முடுக்கினாள். சுருள் எப்போதும் திரவத்துக்குள் முங்கியே இருக்க வேண்டும். வெளியே தலைகாட்டினால் கருகிவிடும். அதனால் பீப்பாயைக் கடைசிச் சொட்டு வரை வற்றவிடக் கூடாது. பச்சை மஞ்சள் எர்த் கம்பியைப் பீப்பாயின் உடம்போடு போல்ட் வைத்து இறுக்கினாள். மேலே கழுத்தில் ஆளுயரச் செம்புக் குழாய். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் செம்பு நார்ச் சுருள்களை அடைத்தாள். ஆவி அந்த நாரில் மோதி மோதி ஏறும்போது, கனமானது கீழே வழிந்துவிடும்; லேசானது மட்டும் உச்சிக்குப் போகும். உச்சியிலிருந்து சாய்வாக இறங்குவது குளிர்குழாய். உண்மையில் அது இரண்டு குழாய்: உள்குழாயில் ஆவி இறங்கும், அதைச் சுற்றியுள்ள வெளிக்குழாயில் குளிர்ந்த தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வெளியேறும். எதிர் எதிராக ஓடினால்தான் கடைசிச் சூடு வரைக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் மழைத்தொட்டியிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கூரையில் விழும் மழை ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கிருந்து ஒரு சின்ன மின்மோட்டார் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் தள்ளிவிடும்.

"தண்ணி நின்னுபோச்சுன்னா?" என்று கேட்டான் பெவன். அவன் கேட்கிற கேள்விகளில் முதல் கேள்வியே அதுதான்.

"தண்ணி எப்ப நிக்கும்? கரண்ட் போனா நிக்கும். கரண்ட் போனா மோட்டாரும் நிக்கும், சுருளும் நிக்கும். ரெண்டும் சேர்ந்தே செத்துப்போகும். அதவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?"

பெவன் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினான். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள். கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புயலடிக்கும் நாளில் குளியல் தொட்டியில் முன்கூட்டியே நிரப்பி வைப்போம்.

வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கசிவு பார்த்தார்கள். வினிகர் ஊற்றிச் செம்பைக் கழுவினார்கள். பெவன் வாசலில் நாற்காலி போட்டு, தீயணைக்கும் உருளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தான்.

"கைக்குழந்தை மாதிரி வச்சிருக்கியே அந்த உருளைய," என்றாள் நோலின்.

"குழந்தை அழாம இருந்தா சரி."

கோடை முடியப்போகும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பிளம்ஸ் சாற்றை ஏற்றினார்கள். குடிக்க உதவாத, நெடி அடிக்கும் முதல் பங்கைப் பிடித்துத் தனியே ஒதுக்கினாள் நோலின். பிறகு மெல்ல மெல்ல நெடி போய்ப் பழவாசனை வந்தது. நல்ல பங்கு தொடங்கிவிட்டது. கண்ணாடிக் குடுவைக்குள் பென்சில் முனை அளவுக்குத் தெளிந்த தாரை விழுந்துகொண்டிருந்தது.

சைரன் அடித்தது.

பெவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கார்ச் சாவி சட்டைப்பையில் இல்லை, கால்சட்டையில் இருந்தது.

"அணைச்சிடு!"

"அணைக்கிறேன், நீ போ!"

கார் கிளம்பிய சத்தம் கேட்டது. நோலின் சுவரில் இருந்த ஸ்விட்சில் கைவைத்தாள். வைத்த கையை எடுக்காமல் குடுவையைப் பார்த்தாள்.

நடுவில் அணைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். செம்புக் குழாய்க்குள் லேசானது மேலே, கனமானது கீழே என்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. சூடு போனால் எல்லா அடுக்கும் சரிந்து கலந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்ல பங்கு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பெவனுக்குப் பயம் அதிகம். எல்லா இணைப்பையும் அவனே பார்த்தாயிற்று. இன்னொரு குடுவை நிறையட்டும்.

கையை எடுத்துவிட்டாள். ஆனால் உட்காரவில்லை. பெவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள், காதைத் தீட்டிக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாகத் தீயணைப்புப் படையின் தண்ணீர் லாரி திரும்பியது. ஓட்டி வந்தவர் ரெவி, ஊரின் கசாப்புக்கடைக்காரர். கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் அதற்கு மேலேயே மஞ்சள் கோட்டைப் போட்டிருந்தார்.

"எங்க ரெவி?" என்று வாசலிலிருந்து கத்தினாள் நோலின்.

"டூகல் பண்ணையில, வைக்கோல் கொட்டகை, அக்கா! ஈரத்தோட அடுக்கி வச்சிருக்கான் மடையன், உள்ளுக்குள்ளயே வெந்து பத்திக்கிச்சு! பக்கத்துலயே கன்னுக்குட்டிங்க வேற! பெவன்தான் உங்க தொட்டில எடுக்கச் சொன்னாரு!"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ!"

அவர் தடித்த குழாயைத் தொட்டியின் அடியில் மாட்டினார். லாரியின் பம்ப் உறுமத் தொடங்கியது. ஷெட்டின் தகரச் சுவரெல்லாம் அதிர்ந்தது. நோலின் டூகலின் கன்றுகளை நினைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெவன் புகைக்குள் போயிருப்பானோ என்று நினைத்தாள். அவன் எப்போதும் முதல் ஆளாகப் போகிறவன்.

தாரை கொஞ்சம் மெலிந்திருந்தது. பழவாசனை மட்டும் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. தாரை குறைந்தால் வாசனையும் குறையத்தானே வேண்டும்?

குளிர்குழாயைத் தொட்டாள். கை சுட்டது. கீழ்முனை வரை சூடு. மேலே தண்ணீர் வெளியேறும் குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

கரண்ட் போகவில்லை. விளக்கு எரிகிறது. சுருள் கொதிக்க வைத்துக்கொண்டேயிருக்கிறது. மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, லாரிச் சத்தத்தில் அதன் குரல் மாறியது காதில் விழவில்லை. தொட்டியில் தண்ணீர்தான் வீட்டுக் குழாயின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தீயணைப்புக்கென்று வைக்கிற வாய் வீட்டுக் குழாயைவிடக் கீழே இருக்கும். கடைசித் தண்ணீர் வரை நெருப்புக்குப் போகட்டும் என்பதற்காக. அதை அந்த உயரத்தில் மாட்டியவனே பெவன்தான்.

அப்படியென்றால் இப்போது குடுவையின் வாயிலிருந்து வருவது சாராயம் இல்லை, சாராய ஆவி. கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம். தரையில் பரவும். வாசல்படி வழியாக இறங்கும். வாசலுக்கு வெளியே டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கிறது.

அவள் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திக்கொண்டாள். ஸ்விட்சை அணைக்கும்போது உள்ளே சின்னதாக ஒரு பொறி பறக்கும். இருட்டில் பார்த்தால் தெரியும். அந்தப் பொறி போதும்.

வீட்டுச் சுவரில், வெளிப்பக்கம், மீட்டர்ப் பெட்டி இருக்கிறது. ஆவி அங்கே எட்டாது. அவள் ஓடினாள். லாரியைத் தாண்டும்போது கத்தினாள்.

"வண்டிய எடு! ரெவி, வண்டிய எடு! ரோட்டுக்குப் போ!"

"இன்னும் நெறயலக்கா!"

"எடுய்யா அத!"

"உன் கோஸ் பாத்திய மிதிக்கலக்கா, பாரு, ஒரு ஜான் தள்ளித்தான் நிக்கிறேன்!"

"எடு!"

அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெவி ஏறி உட்கார்ந்தார். அவள் மீட்டர்ப் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். லாரி நகர்ந்து ரோட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு ஹாரன் அடித்துவிட்டு டூகல் வீட்டுப் பக்கம் திரும்பியது.

மின்சாரம் நின்றால் கொதி உடனே நிற்காது. அவ்வளவு திரவத்தில் ஏறிய சூடு இறங்க நேரம் பிடிக்கும். அதுவரை ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். நோலின் காற்று வரும் பக்கம் போய், வேலி ஓரத்தில் நின்று ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று வாசல்படிப் பக்கம் நடந்து போய், மோந்து பார்த்து, தலையை உதறிக்கொண்டு திரும்பி ஓடியது. 

பெவன் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் புகை நாற்றம். சமையலறை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கொட்டகை போச்சு. கன்னுங்க எல்லாம் வெளிய வந்துடுச்சு. நம்ம தண்ணிதான் நோலி, கடைசி நேரத்துல நம்ம தண்ணி வரலன்னா அவ்வளவுதான். டூகல் அழுதுட்டான்."

அவள் டீயை அவன் முன்னால் வைத்தாள்.

"நான் அணைக்கல," என்றாள்.

அவன் முதலில் புரிந்துகொள்ளவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாரை மெலிந்தது, குழாய் சுட்டது, கை ஸ்விட்சுக்குப் போனது. சொல்லச் சொல்ல அவளுக்கே தெளிவு வந்தது, நிறுத்த முடியவில்லை.

"ஒரு சின்ன சாமான் இருக்கு பெவன். தண்ணிக் குழாயில மாட்டணும். தண்ணி ஓடுற வரைக்கும் உள்ள இருக்கற இதழ் மடங்கியிருக்கும், சுருளுக்குக் கரண்ட் பாயும். தண்ணி நின்னா இதழ் நிமிந்துக்கும், கரண்ட் கட்டாயிடும். மொதல்லயே மாட்டியிருக்கணும். கரண்டும் தண்ணியும் சேர்ந்துதான் போகும்னு நெனச்சுட்டேன், ஆனா தண்ணி மட்டும்..."

"தண்ணி நின்னா அது அணைஞ்சிடும்," என்றான் பெவன் மெதுவாக. "சரி. நான் கெளம்பிப் போனா அணையிறதுக்கு என்ன மாட்டப்போற?"

அவள் டீக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நாலு வீட்டுத் தொட்டி இருந்துச்சு அந்த ரோட்ல. நம்ம வீட்டுக்குப் போடான்னு நான்தான் ரெவிய அனுப்புனேன். நீ அணைச்சிருப்பன்னு எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல." டீயைத் தொடாமல் எழுந்தான். "ரெவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வா."

தீயணைப்பு நிலையத்தில் நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ தட்டு நிறையச் சீஸ் ரோல் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ரெவி லாரியின் படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

"வாக்கா! இன்னைக்கு ஹீரோ உன் தொட்டிதான்!"

நோலின் அவர் முன்னால் போய் நின்று சொன்னாள். மாட்டியிருக்க வேண்டிய அந்தச் சின்ன சாமானைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீ வந்து நின்றபோது கலம் ஓடிக்கொண்டிருந்தது, ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது, நான் பெவனிடம் அணைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அணைக்கவில்லை. இவ்வளவுதான்.

குழாய் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அப்ப நீ வண்டிய எடுன்னு கத்துனது..." என்றார் ரெவி.

"ஆமா."

"நான் கோஸுக்காகன்னு நெனச்சேன்." அவர் சிரித்தார். கூடச் சிரிக்க யாருமில்லாததால் பாதியில் நிறுத்தினார். "எனக்கு வாசனை வந்துச்சுக்கா. ஜாம் காய்ச்சுறா போலன்னு நெனச்சேன். வீட்டுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கணும்னுகூட நெனச்சேன்."

கையிலிருந்த ரோலைத் தட்டில் வைத்தார். எழுந்து போய் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டார்.

"பெவன்," என்றார், நோலினைப் பார்க்காமல். "இனிமே உன் வீட்டுத் தொட்டின்னா, நான் மொதல்ல எறங்கிப் போய் ஷெட்டுக்குள்ள பார்ப்பேன். பார்த்துட்டுத்தான் வண்டிய உள்ள கொண்டுவருவேன். அதுக்கு நேரமாகும். எங்க எரிஞ்சாலும் சரி."

பெவன் நோலினைப் பார்த்தான். அவன் சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாரு ரெவி," என்றாள் நோலின். "பார்த்துட்டே வா."