தவறிய தீ எங்கே போயிற்று?

2006ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில், சிவகாசியில் அசன் முகம்மது அவர்களின் அச்சகத்தில் ஓர் இயந்திரம் ஒரு வாரம் ஓய்வாக நின்றது. ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் காலண்டர் வேலை தொடங்கிவிடும். பிறகு தை வரை அதை எவரும் நெருங்க முடியாது. அந்த ஒரு வாரத்துக்காக நான் மூன்றாண்டுகள் காத்திருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியபடியே நான் எழுதிய இலக்கணக் கையேட்டை அப்போது அச்சிட்டுத் தருவதாக முதலாளி வாக்களித்திருந்தார்.

அதற்குள் அவருடைய மகன் ஆசிப், சென்னையில் பொறியியல் படித்துத் திரும்பினான். பட்டத்தோடு ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தான். நான்கு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் ஆட்டத்தை நடத்த, மற்றவர்கள் மந்திரவாதி, வாள்வீரர் என்று சொல்லிக்கொண்டு, இல்லாத பூதத்தோடு வாயாலேயே போரிட வேண்டும். இதற்கென நூற்றிருபது பக்கத்தில் தமிழில் ஒரு விதிநூலும் எழுதி வைத்திருந்தான். அவனுக்கும் அதே இயந்திரம், அதே வாரம் வேண்டுமாம்.

முதலாளி ஒரு சோதனை வைத்தார். "ஏலே, மூணு பேரு உன் பொஸ்தகத்த மட்டும் வச்சு வெளையாடட்டும். அதுல இல்லாதத நீ வாயால சொன்னேன்னா, மிசின் சாருக்கு."

மூவரில் ஒருவனாக நானே முன்வந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான், மறைப்பானேன்? இன்னொருவர் பைண்டிங் பிரிவில் வேலை செய்யும் இசைவாணி. மூன்றாமவர் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலை ஒன்றின் போர்மேன் வெள்ளைத்துரை. மழையால் ஆலைக்கு விடுமுறை. லேபிள் வாங்க வந்த மனிதரை ஆசிப் மந்திரவாதியாக்கிவிட்டான்.

விதி இதுதான். மந்திரவாதி தீக்கோளத்தை எறிந்தால், அது படுமா என்றறிய இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு மந்திரத் தாக்குதல் போனஸைக் கூட்ட வேண்டும். அந்தப் போனஸ், அறிவுக்கு மூன்றும் பயிற்சிக்கு இரண்டும் சேர்ந்து ஐந்து. கூட்டுத்தொகை பூதத்தின் கவச எண்ணாகிய பதினைந்தை எட்டினால் பட்டது, எட்டாவிட்டால் தவறியது. அறிவுக்கு மூன்று, பயிற்சிக்கு இரண்டு, அதிர்ஷ்டத்துக்கு இருபது! அரசு வேலைக்கு ஆளெடுப்பவர்கள் இந்த நூலை முன்பே படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

வெள்ளைத்துரை உருட்டினார். ஏழு விழுந்தது.

"ஏழும் அஞ்சும் பன்னெண்டு. தவறிருச்சுண்ணே" என்றான் ஆசிப். "இசைவாணிக்கா, உங்க முறை. வாளோட முன்னால போங்க."

"யாத்தா, நான் போகமாட்டேன்" என்றார் இசைவாணி.

"போகாத தாயி" என்றார் வெள்ளைத்துரை. "பத்தாத வெடிகிட்ட அரைமணி நேரத்துக்கு எவனும் போகக்கூடாது. தம்பி, அந்தத் தீ இப்ப எங்கன கெடக்கு?"

ஆசிப் பக்கங்களைப் புரட்டினான். "தவறினால் எதுவும் நிகழாதுன்னு போட்டிருக்குண்ணே."

"எதுவும் நிகழாதா? இருவத்தாறு வருசமா வெடிமருந்துல கெடக்கேன், அப்படி ஒரு தீய நான் பாக்கல. வைக்கப்போருல விழுந்துச்சா, தரையில விழுந்துச்சா?"

"தம்பி, என் பையில வாளி இருக்கா?" என்றார் இசைவாணி.

"கயிறு, கத்தி, தீப்பந்தம். அம்புட்டுதான்க்கா."

"தீப்பந்தம் குடுத்துருக்கீக, வாளி குடுக்கலையா? எந்தக் கம்பெனி இது?"

"அணைஞ்சு போச்சு! விடுங்க!" என்று ஆசிப் கத்தினான்.

"அது நூலில் இல்லை" என்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் அடைந்த இன்பத்தை ஓய்வூதியம் வந்த நாளில்கூட அடைந்ததில்லை. என் கையேட்டின் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வேறு எவரும் எழவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் முதலாளி. அவரும் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டிருந்தார். "பூதம் இன்னும் அங்கனதான நிக்கிது?"

"அத்தா, நான் தோத்துட்டேன்ல?" என்றான் ஆசிப்.

"நீ சும்மா இருலே. சார், நீங்க எழுதுனா ஒழுங்கா இருக்கும். அந்தத் தீக்கு ஒரு விதி எழுதிக் குடுங்க."

மறுத்திருக்க வேண்டும். ஆனால், பாதியில் அறுந்து நிற்கும் ஒரு விதியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் பழகவில்லை. எழுதினேன்: 'தவறிய தீ அணைந்ததாகக் கருதலாகாது. அரைமணி நேரத்துக்கு எவரும் அதன் அருகே செல்லலாகாது.'

"பூதமும் போகக்கூடாதுன்னு போடுங்க சார். அதுவும் ஒரு உசுருதான" என்றார் வெள்ளைத்துரை. அதையும் போட்டேன்.

பிறகு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக அரைமணி நேரம், நால்வரும் இல்லாத தீயின் அருகே போகாமல் உட்கார்ந்திருந்தோம். முதலாளியும் எங்களோடு காத்திருந்தார். டீ வந்தது. நேரம் முடிந்ததும் வெள்ளைத்துரை உருட்டினார். பத்து. பத்தும் ஐந்தும் பதினைந்து.

"பட்டுருச்சுலே!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் முதலாளி. மறுநாளே இயந்திரத்தில் ஆசிப்பின் நூல் ஏறியது; நான் எழுதிய விதி பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

வாக்கை நினைவூட்டினேன். "அதுக்கென்ன சார்" என்றார் முதலாளி. "உங்க பொஸ்தகத்துக்கும் அதே சோதனைதான். மூணு பேர உக்கார வச்சு வாசிக்கச் சொல்லுவோம். டீ வர்ற வரைக்கும் எவனும் எந்திரிக்கலைன்னா அடுத்த ஆனியில அடிச்சிருவோம்."

மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைத்துரை மட்டும் சம்மதித்திருக்கிறார், பகடையைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு.