எண்ணெய்க் கப்பலை நம்பிப் போட்ட வலை

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் போனில். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடத்தில், கொழும்புக்கு வெளியே ஒரு சிவப்புப் புள்ளி. அதற்குள் மண்ணெண்ணெய் இருப்பதாகப் பேச்சு.

அப்பா தியாகலிங்கம் தொண்டைமானாற்றில் மீன்பிடிக்கிறவர். புள்ளியைக் கண்டதுமே "வந்திட்டுது" என்றார். வீட்டில் மிஞ்சிய மண்ணெண்ணெயை வள்ளத்து எஞ்சினில் ஊற்றிக்கொண்டு போய், இருந்த வலை முழுவதையும் கடலில் விட்டுவிட்டு வந்தார். விடிந்தால் எண்ணெய் கிடைக்கும், போய்த் தூக்கலாம் என்பது திட்டம். அவரைக் குறை சொல்ல முடியாது. துறைக்கு வந்துசேர்ந்த வள்ளம் எதுவும் மீனை இறக்காமல் நின்றதை அவர் கண்டதில்லை.

கப்பல் நின்றது.

"ஏனடா உது அசையேல்லை?"

"டொலர் கட்டினால்தான் இறக்குவாங்களாம்."

"கட்டுறதுக்கென்ன?"

"டொலர் இல்லை அப்பா. நாங்கள் வெளிநாட்டுக்கு விக்கிறதைவிட அங்கையிருந்து வாங்கிறது கூட."

"உதைப் படிக்கவோ கம்பஸுக்குப் போறாய்?"

"ஓம். இப்ப போறேல்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லை."

அப்பாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெறும் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார், திரும்பி வந்து புள்ளியைப் பார்ப்பார், மறுபடி கரைக்குப் போவார். துடுப்புப் போட்டுப் போகவும் ஒருநாள் முயன்றார். நீரோட்டம் வள்ளத்தைக் கொண்டுவந்து, புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பத்திரமாக விட்டது.

"உந்த மனிசன் நடந்த தூரத்தைக் கடலுக்கு மேலாலை நடந்திருந்தால், இப்ப வலை வீட்டிலை கிடக்கும்" என்றார் அம்மா. ஆனால் சன்னதி முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். அந்த வலை போனால் எங்களிடம் மிஞ்சுவது ஒரு வள்ளமும் என் பொருளியல் பட்டமும். பட்டம் இன்னும் வரவில்லை.

ஒரு காலை புள்ளி நகர்ந்தது. வேறு நாட்டுப் பக்கமாக. அப்பா போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். அப்படியும் கப்பல் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் வாகீசன் அண்ணை வந்தார். தரை வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வந்திருக்கிறதாம். நண்டு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று சங்கம் முடிவெடுத்திருக்கிறதாம்.

"நண்டு வெளிநாட்டுக்குப் போகுது, டொலர் வருகுது, டொலருக்கு எண்ணெய் வருகுது. உங்கடை ஓரா மீனை ஆர் தின்னுறது அண்ணை? நாங்கள். எங்களிட்டை டொலர் இருக்கே?"

"நானும் நண்டுதான்" என்றார் அப்பா.

"சும்மா கதை விடாதேங்கோ. உங்கடை வலை மீன்வலையெண்டு ஊருக்கே தெரியும்."

"அது இவ்வளவு நாளும் கடலுக்கை கிடக்குது. பட்ட மீனெல்லாம் செத்து நாறியிருக்கும். நாத்தத்துக்கு என்ன வருமெண்டு உனக்குத் தெரியாதே?"

வாகீசன் அண்ணையும் கடல்காரன்தான். யோசித்தார். பிறகு கானை வாங்கிக்கொண்டு போய் எண்ணெய் நிறைத்துக் கொடுத்தார்.

அப்பாவும் நானும் போய் வலையைத் தூக்கினோம். மீன் என்று இருந்தது முள் மட்டும். மற்றதெல்லாம் நண்டு. நல்ல நீலக்கால் நண்டு, ஏற்றுமதித் தரம். தின்று முடித்த கையோடு வலையையும் கடித்துக் குதறியிருந்தன. ஒவ்வொன்றையும் எடுக்க, மிஞ்சிய கண்ணியையும் அறுக்க வேண்டியிருந்தது. அப்பா அறுத்தார், ஏதோ பஸ் பிடிக்க வேண்டியவர்போல.

கரையில் ஏற்றுமதிக் கொம்பனியின் வாகனம் நண்டை ஏற்றிக்கொண்டு போனது. வாகீசன் அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணை, இந்தமுறை நாட்டுக்கு டொலர் கொண்டந்தது நீங்கள்தான். இனி எண்ணெய் வந்தால் முதல் கான் உங்களுக்கு."

அப்போதே ஒரு கான் நிறைத்தும் கொடுத்தார். அப்பா ஒரு கையில் எண்ணெயோடும் மறுகையில் கந்தலோடும் நின்றார்.

"எண்ணெய் சரி. வலை?"

"அதுவும் வெளிநாட்டிலையிருந்து கப்பலிலைதான் வரோணும்" என்றார் வாகீசன் அண்ணை. "வந்ததை இறக்க டொலர் இல்லையாம்."

அப்பா கானைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"போனைக் கொண்டா. வலை ஏத்தின கப்பல் எங்கை நிக்குதெண்டு பாப்பம்."