அருக்காணி ஓடாத மூன்று நாள்

1.

இந்தக் கதை எனக்குள் தானாகப் பிறக்கவில்லை. கேட்டு வாங்கப்பட்டது. தில்லி லோதி ரோட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரைத் தொகுக்கிற ராமமூர்த்தி, பால் பூத் வரிசையில் என் தோளைத் தட்டினார்.

"உங்க கதையில எப்பவும் கல்லு, மண்ணு, வேர்வை. இந்தத் தடவை ஒரு நாய்க் கதை குடுங்கோ. படிச்சா கண்ணுல ஜலம் வரணும்."

மனிதர்களுக்காக வராத ஜலம் நாய்க்கு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒப்புக்கொண்டேன். எனக்குப் பின்னால் தூக்குவாளியோடு நின்ற அருக்காணி சிரித்தாள். அவளுக்கு வேலையே ஒரு நாயைப் பார்த்துக்கொள்வதுதான்.

2.

முதல் ஆரம்பம்: "குளிர்கால வெயிலில் பொன்னிற ரோமம் மின்ன டூக் ஓடி வந்தது. அதன் கண்களில்..."

(அதன் கண்களில் பீளை இருந்தது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அருக்காணிக்கு அது பெறாத பிள்ளை..."

(பெற்ற பிள்ளையே ஒன்று இருக்கிறது. பெயர் வள்ளி. பத்தாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவதில் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். வேதாந்தம் மத்திய சர்க்காரில் துணைச் செயலாளர். ஊர் திரும்பிய ஒரு தூதரகக் குடும்பம் அவர் தலையில் டூக் என்கிற ரெட்ரீவர் நாயைக் கட்டிவிட்டுப் போனது. முப்பத்தைந்து கிலோ. தினமும் ஓடித் தீர்க்க வேண்டிய சாதி நாய். கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. வெளிநாட்டு நாய் என்ற பெருமையில் இவரும் கேட்கவில்லை. ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலையில் புருஷனைப் பறிகொடுத்த அருக்காணியை வீட்டுப் பின்னாலிருந்த சர்வெண்ட் குவார்ட்டரில் குடிவைத்தார். நாயைப் பார்த்துக்கொண்டால் அறை. அதுதான் பேச்சு.

3.

டூக் வாலை ஆட்டினால் டம்ளர்கள் பறக்கும். சாம்பாரில் மயிர் கிடக்கும். எதைப் பார்த்தாலும் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும், ஆனால் பல் படாது. நவராத்திரிக்குக் கொலுவிலிருந்து செட்டியார் பொம்மையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்துவிட்டு நின்றது. ஒரு கீறல் இல்லை.

"எச்சல் பண்ணிடுத்தே!" என்று வேதாந்தத்தின் மனைவி வைதேஹி அலறினார்.

"குர்காவ்ன் பக்கம் ஒரு காண்ட்ராக்டரோட பண்ணை இருக்கு. அங்க தள்ளிடறேன்" என்றார் வேதாந்தம்.

நாய் போனால் அறை போகும். அறை போனால் யமுனைக்கு அப்பால் ஏதாவது ஜுக்கிக் குடிசை. வள்ளியின் பள்ளிக்கூடம் அதோடு சரி. அருக்காணி ஓட ஆரம்பித்தாள். விடியும் முன்னே கயிற்றைப் பிடித்துக்கொண்டு லோதித் தோட்டத்தில் நாலு சுற்று. குளத்தில் குச்சியை எறிந்து நீந்தவிடுவாள். பிறகு காதுக்குள் ஈரம் தங்காமல் துணியால் துடைப்பாள், சிக்கெடுத்துச் சீவுவாள். வைதேஹி போட்ட தயிர் சாதத்துக்கு மேல், நிஜாமுதீன் கசாப்புக் கடைக் கழிவை யாருக்கும் தெரியாமல் வேகவைத்துப் போட்டாள்.*

* கல்குவாரியில் திரி பற்றவைத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். உயிருக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாயைக் களைப்பாக்குவதற்காக ஓடுகிற பிழைப்பை தில்லியில்தான் பார்த்தேன்.

4.

ராமமூர்த்திக்காக அவளிடம் கேட்டேன்: "நாய் மேல பாசம் உண்டா?"

"ஏனுங் சார், இதென்ன கேள்வி? அது நாயில்லீங், எங்க ரூமு. நாலு காலு இருக்குது, அவ்வளவுதான்."

"கொஞ்சங்கூடவா இல்லை?"

"அதுக்குக் காதுல சீழ் வெச்சப்ப மூணு நாள் பக்கத்துலயே கெடந்தேன். அத வேணா பாசம்னு எழுதிக்குங்க. பத்தலைன்னா ரெண்டு நாள் சேத்துக்குங்க."

(சேர்க்கவில்லை.)

5.

ஜனவரிக்குள் டூக் அடங்கிவிட்டது. காலையில் திரும்பி வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழும். விருந்தாளிகள் மெச்சினார்கள். அருக்காணி செய்த ஒரே தப்பு, வேலையை ஒழுங்காகச் செய்ததுதான்.

"டூக் சமர்த்தாயிடுத்து பாத்தியோ?" என்றார் வேதாந்தம்.

"நான் ஓட்டறதுனாலதாங் சார் தூங்குது."

"போடி! நான் போடற தயிர் சாதம். உடம்பு குளுந்துடுத்து" என்றார் வைதேஹி.

"இனிமே அதுக்குன்னு ஓர் ஆள் எதுக்கு? எங்க ஆபீஸ் பியூன் அய்யாசாமிக்கு ரூமைக் குடுத்தா சமையலும் பண்ணுவான். மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடு" என்றார் வேதாந்தம்.

"சார், புள்ளைக்கு மார்ச்சுல பரிச்சைங்க."

"அச்சா. நன்னா எழுதச் சொல்லு."

(இந்தக் கடைசி வரி என் கற்பனையல்ல. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

6.

முடிவு ஒன்று: குவார்ட்டரில் தீப்பிடிக்கிறது. தீப்பிழம்பைக் கிழித்துக்கொண்டு டூக் பாய்ந்து, வள்ளியின் பாவாடையைக் கவ்வி...

(ராமமூர்த்தி அழுவார். எனக்குக் கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: வேதாந்தம் தூக்கம் வராமல் புரள்கிறார். தன் தவறு...

(அவருக்கு நன்றாகத் தூக்கம் வரும்.)

மூன்றாவதை அருக்காணி என்னைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை அவள் ஓடவில்லை. நாயைக் கேட்வரை கூட்டிப்போய் ஒன்றுக்கு விட்டுத் திரும்பிவிட்டாள்.

"எது அடக்குச்சுன்னு அவிய கண்ணால பாக்கட்டுமுங்க" என்றாள் பால் பூத்தில்.

"கோபத்துல பண்ணைக்கு அனுப்பிட்டா?"

"அதுக்கு அங்க ஓட எடமிருக்கும். நாங்கதான் நடுரோட்டுல நிப்போம்." வாளியை மாற்றிப் பிடித்தாள். "நீங்க எழுதற கதையில எங்க ரூமு போவுதா, நிக்குதா?"

"இன்னும் எழுதலை."

"படிச்சவிய வேலை எல்லாமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓடிப் பழகிவிட்ட டூக்குக்கு இப்போது பல்லும் பட்டது: திங்களன்று சோபாவின் ஒரு கை போயிற்று. செவ்வாயன்று அது மோதி, ரசப் பாத்திரத்தோடு வைதேஹியே சாய்ந்தார்.

7.

இன்று புதன். வேதாந்தம் பின்பக்கம் வருகிறார். கையில் ஆபீஸ் கோப்பு. பாதி இல்லை, மீதியில் எச்சில் சொட்டுகிறது. உள்ளே கட்டிலில் வள்ளி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அருக்காணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலை அடைத்தபடி நிற்கிறாள்.

"சார்" என்கிறாள்.

அவர் வாயைத் திறக்கிறார். அதில் நான் ஒரு வாக்கியம் வைக்க வேண்டும். 'நாளையிலேர்ந்து நீயே ஓட்டு' என்றும் வைக்கலாம். 'ரெண்டு பேரும் கிளம்புங்கோ' என்றும் வைக்கலாம். அச்சகத்துக்கு நேரமாகிறது என்கிறார் ராமமூர்த்தி.

நான் வைக்கப்போவதில்லை. இந்த மலரை வாங்குகிற உங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னால் இப்படி ஓர் அறை இருக்கிறது. அதில் யாரோ இருக்கிறார்கள். இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கீழே இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.