முதல் வேண்டாம்

இளமதி வரைந்தது ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். பெரிய நிலத்தடி ரயில் நிலையம் ஒன்று வரப்போகிறது. அதற்காக எத்தனையோ பேர் மாதக்கணக்கில் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் இவள் கைக்கென்று முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு மூலை. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் ஏறும் நகரும் படிக்கட்டின் அடியில், சுவரை ஒட்டி, மரப்பலகை போட்ட நீளமான பெஞ்சு. கையில் பையோடு வருகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே போகலாம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். சின்ன விஷயத்துக்குத்தானே நம் மனசு ரொம்ப அடித்துக்கொள்கிறது.

அதே இடத்தில் இரண்டு சின்னக் கடைகள் வைக்கலாம் என்று அலுவலகத்தில் இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு முற்றியபோது இளமதிதான் சொன்னாள்.

"நாம எதுக்குச் சண்டை போடணும்? அங்க நடக்கப் போறவங்களையே கேட்டுடுவோம்."

கடை யோசனை, அவளுக்கு மேலே இருந்த ரகுபதியுடையது. தோ பாயோ வட்டாரத்தில் வளர்ந்தவர், நியாயமான மனிதர். அலுவலகம் முழுக்க அவரை ரகு என்றுதான் கூப்பிடும். இளமதி மட்டும் அண்ணே என்பாள்.

"சரி, கேளு. வேணும்னா பெஞ்சு, வேணாம்னா கடை. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாட்டேண்ணே."

சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். அட்டையில் செய்த நிலையம் மேசைமேல் இருந்தது. அதற்குள் விரல் நுனி உயர மனிதர்கள், நகராத நகரும் படிக்கட்டு. பக்கத்தில் ஒரு பலகை. இங்கே உட்கார இடம் வேண்டுமா என்று மேலே எழுதியிருந்தது. வேண்டுமென்றால் பச்சை ஸ்டிக்கர், வேண்டாமென்றால் சிவப்பு.

முதலில் வந்தவர் விசாலாட்சி. அந்த வட்டாரத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையால் மேசையைப் பிடித்து, மறுகையால் முழங்காலைத் தடவிக்கொண்டே மாதிரியைக் குனிந்து பார்த்தார்.

"ஆன்ட்டி, இந்த இடத்துல உங்களுக்கு உக்கார பெஞ்சு வேணுமா?"

"எனக்கு எதுக்கும்மா? ட்ரெயின்ல ஏறினா உக்காரத்தானே போறேன். வயசானவங்க யாராச்சும் கேட்டாங்கன்னா போட்டுக் குடு."

சிவப்பு.

அடுத்து வெங்கடேஷ். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. ஊருக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், கூட்டாளிகளைப் பார்க்கவும் லீவு நாளில் தேக்காவுக்கு வருகிறவர். உள்ளே குளிர்சாதனம் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தவரை இளமதி பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கெல்லாம் வேணாங்கக்கா. நாங்க பாட்டுக்கு நின்னுக்குவோம். இந்த ஊருக்காரங்களுக்குச் செய்யுங்க."

சிவப்பு.

நிலையத்தின் வாசல் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெட்டி, பை விற்கும் கடை வைத்திருக்கும் ஃபர்சானாவும் வந்தாள். "எனக்கா? கடையிலதான் ஸ்டூல் இருக்கே!" என்று சிரித்தபடி ஒட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் பார்த்தால் பலகைக்கு அம்மை போட்டதுபோல ஒரே சிவப்பு.

திங்கட்கிழமை ரகுபதி பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை அவருக்கு. அதுதான் இளமதிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேட்டாச்சு, சொல்லிட்டாங்க. அடுத்த திங்கள் டிராயிங் போகணும். கடையா மாத்திடு."

"சரிண்ணே."

மாற்றத்தான் உட்கார்ந்தாள். பெஞ்சை அழிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல் போகவில்லை. ஆசைப்பட்டுவிட்டோமே என்று பிடிவாதமா? பிடிவாதம் என்றால் அழித்துவிடலாம். மக்களைக் கேட்க வேண்டும் என்று மேடை போட்டவளே, பதில் பிடிக்கவில்லை என்று பெஞ்சை வைத்துக்கொண்டால், அன்றைக்குக் கேட்டதெல்லாம் வெறும் கூத்து என்றாகிவிடாதா? ஆனாலும் முழங்காலைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்ற விசாலாட்சியின் கை கண்ணை விட்டுப் போக மறுத்தது. அந்த வாரம் முழுக்க மற்ற எல்லாப் படத்தையும் முடித்தாள், அந்த மூலையை மட்டும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபர்சானாவின் கடைக்குப் போனாள். கடைக்குப் பக்கத்து நிலையத்தில் என்ன வரப்போகிறது என்று நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"வாங்க வாங்க, டீ சொல்லவா?"

"வேணாம்க்கா. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

ஃபர்சானா தலையை வெளியே நீட்டி, பக்கத்துக் கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இளமதி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இழுத்து ஆற்றிய டீயான தே தாரிக் நுரையோடு வந்து நின்றது.

"நான்தான் வேணாம்னேனே."

"சொன்னீங்க. அதுக்கென்ன இப்போ? ஆறிடும், குடிங்க."

ஒரு வாய் குடித்தாள். காலையிலிருந்து அவள் டீயே குடித்திருக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தவள் அப்படியே கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா, அன்னிக்கு எதுக்கு சிவப்பு ஒட்டினீங்க?"

"எதுல? ஓ, அந்த பெஞ்சா?" ஃபர்சானா ஒரு பெட்டியின் தூசியைத் தட்டினாள். "பின்ன, கேட்ட உடனே வேணும்னா சொல்லுவாங்க? இதுக்குன்னே காத்துக்கிட்டிருந்த மாதிரி இருக்காது? ரெண்டாவது தடவை கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா பொசுக்குன்னு ஸ்டிக்கரைக் கையில குடுத்துட்டீங்க லா."

இளமதிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்தவர் முதல் தடவை வேண்டாம் என்றால் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களா நாம்? அவள் வீட்டில் அப்படி யாராவது செய்தால் அன்றைக்கே பெரிய சண்டையாகிவிடும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், பலகையும் ஸ்டிக்கரும் கையில் வந்ததும் எல்லாம் மறந்துபோய்விட்டாள்.

அன்று இரவே ரகுபதியைக் கூப்பிட்டாள்.

"மாத்திப் பேசற இளமதி."

"இல்லண்ணே. கேட்ட விதம் தப்பு. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறமும் கடைதான்னா நானே வரைஞ்சு தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூரோங்கிலிருந்தும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்தும் வந்து இறங்கிய கூட்டம் தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. ஃபர்சானாவின் கடைக்கு முன்னால் இருந்த காலி இடத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை இளமதியும் ஃபர்சானாவும் சேர்ந்து வரிசையாகப் போட்டார்கள். பலகை இல்லை, கேள்வியும் இல்லை. உட்காருகிறவர்கள் உட்காரட்டும் என்று இளமதி தள்ளி நின்றுகொண்டாள்.

ஒருவரும் உட்காரவில்லை.

விசாலாட்சி காய்கறிப் பையோடு வந்து நாற்காலிப் பக்கம் நின்றார். அதே நேரம் அரிசி மூட்டையோடு வெங்கடேஷ் வந்தார்.

"உக்காருங்க ஆன்ட்டி."

"நீ உக்காருப்பா. வாரம் பூரா நின்னு வேலை செய்யிற புள்ள."

"அட, நீங்க உக்காருங்க. எனக்குக் கூச்சமா இருக்கு."

"எனக்கு மட்டும் இருக்காதா?"

கடைசியில் விசாலாட்சி தன் பையை ஒரு நாற்காலியில் வைத்தார். வெங்கடேஷ் மூட்டையை இன்னொன்றில் வைத்தார். இரண்டு பேரும் நின்றுகொண்டே ஊர்க்கதை பேசினார்கள். இதைப் பார்த்து மற்றவர்களும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் ஒரு பலாப்பழத்தையும் உட்கார வைத்தார்கள். டிஷ்யூ பொட்டலத்தை வைத்துச் சாப்பாட்டு மேசைக்கு இடம் பிடிக்கிற இந்த ஊரில், நாற்காலியில் பொருள் இருந்தால் யார் கிட்டே போவார்கள்?

ரகுபதி வந்து சேர்ந்தது அப்போதுதான். வரிசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு தடவை பார்த்தார்.

"பலாப்பழம் உக்காந்திருக்கு. மனுஷங்க நிக்கிறாங்க. போதுமா இளமதி?"

இளமதி குனிந்து கடைசி நாற்காலியை வரிசைக்கு நேராக்கினாள். இரண்டாவது தடவையும் கேட்டாயிற்று, இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றுதான் வந்தது. இனி எந்த முகத்தோடு இன்னொரு தடவை கேட்பது? நாளைக்குக் காலையில் கடையை வரைந்து கொடுத்துவிட வேண்டியதுதான்.

மழை வந்தது. நம் ஊர் மழைதான் தெரியுமே, முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. எல்லோரும் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு கூரை போட்ட கடைவாசல் நடைபாதைக்கு ஓடினார்கள். சாரல் அடிக்கவே ஃபர்சானா கத்திக்கொண்டே வெளியே வந்தாள். வாசலில் பெட்டிகளை அடுக்கிவைக்க ஒரு நீளப் பலகை பெஞ்சு போட்டிருந்தாள். அதன்மேலிருந்த பெட்டிகளை வெங்கடேஷும் இன்னும் சிலரும் சேர்ந்து உள்ளே எடுத்துக் கொடுத்தார்கள். பெஞ்சு காலியானது.

விசாலாட்சி அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை. காலை நீட்டி, "அப்பாடா" என்றார். பிறகு பக்கத்துப் பலகையைக் கையால் தட்டினார்.

"வா, இடம் கெடக்கு பாரு."

வெங்கடேஷ் மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் கூட்டாளி உட்கார்ந்தார். பலாப்பழக்காரர், "தள்ளுங்கண்ணே" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குழந்தையோடு ஒதுங்கியிருந்த பெண்ணுக்கு, அவள் வாய் திறப்பதற்கு முன்பே எல்லோரும் ஒரு விரற்கடை நகர்ந்தார்கள். அந்த விரற்கடைகள் சேர்ந்து ஓர் ஆள் உட்காரும் இடமானது.

இளமதி ஓடிப்போய் விசாலாட்சியின் முன்னால் குந்தினாள்.

"ஆன்ட்டி, நாற்காலி போட்டேன், உக்காரலியே?"

"அது எப்படிம்மா? நாற்காலின்னா நான் உக்காந்தா அவன் நிக்கணும். மனசு வருமா? இதுல அப்படி இல்லையே."

ரகுபதி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இளமதி எழுந்து அவரிடம் போனாள்.

"அண்ணே, பெஞ்சு இருக்கட்டுமா?"

"மழைக்கு ஒதுங்கினதைக் காட்டி நான் மேலிடத்துல என்ன சொல்றது? போர்டு பூரா சிவப்பா இருக்கு. வேணாம்."

"சிவப்பை மறைக்க வேணாம். அதையும் கொண்டுபோவோம். எப்படிக் கேட்டேன், ஏன் வேணாம்னாங்க, எல்லாத்தையும் நானே சொல்றேன். என் தப்புன்னே சொல்றேன். பெஞ்சு இருக்கட்டும்ணே."

ரகுபதி மழையைப் பார்த்தார். "ரெண்டு கடை நான் கேட்டிருக்கேனே, அது?"

இரண்டாவது தடவை கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இளமதி கவனித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

அதற்குள் விசாலாட்சியின் குரல் வந்தது.

"தம்பி, நீங்க ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க? வந்து உக்காருங்க."

"பரவால்ல ஆன்ட்டி, நான் நிக்கிறேன்."

"உக்காருங்க தம்பி."

"இல்ல, நான் இப்ப கெளம்பிடுவேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு முழுதும் நகர்ந்து, நடுவில் ஓர் இடம் விழுந்துவிட்டது. காலியாக இருந்த அந்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். ரகுபதி வந்து உட்கார்ந்தார். ஃபர்சானா நீட்டிய டீயையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

குவளை பாதி காலியான பிறகு நிமிர்ந்தார்.

"ஒரு கடை இருக்கும் இளமதி. அதை விட்டுக் குடுக்க மாட்டேன். மிச்ச இடத்துக்கு பெஞ்சு. ஆனா நடுவுல கைப்பிடி வச்சுத் தனித்தனியாப் பிரிக்கக் கூடாது. ஒரே நீளம். அதுக்கு நான் பேசிக்கிறேன்."

அவள் வரைந்ததில் பாதிதான். ஆனாலும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே இரவல் நாற்காலிகளின் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க மட்டும் நிக்கிறீங்க. உக்காருங்க," என்றார் வெங்கடேஷ்.

"இல்ல, வேணாம், நான்..."

சொல்லி முடிக்கவில்லை. அவர்கள் நகர்ந்திருந்தார்கள்.