அடெல்மோவுக்குப் போட்ட ஊசி

உயிர் போன அடெல்மோவின் வீங்கிய காலில் ஷூ ஏறவில்லை. பின்பக்கத்தைக் கத்தியால் கீறி நுழைத்துவிடலாம் என்றான் தம்பி ஒசோரியோ. வேண்டாம், காலுறையோடே போகட்டும் என்று சொல்லிவிட்டு, ஜெனில்டா புருஷனின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டாள். அப்போதுதான் டாக்டர் லியோனோர் உள்ளே வந்தார்.

சல்வடோர் நகரத்தின் இந்த ஆஸ்பத்திரியில் அடெல்மோவைப் பார்த்துவந்தவர் அவர்தான். அடெல்மோவுக்குச் சின்ன வயதில் மண்சுவர் வீட்டில் பூச்சி கடித்து ஒட்டிய நோய், ஆள் கொத்தனாராகி, கல்யாணமாகி, தலை நரைத்த பிறகு இதயத்தைப் பிடித்தது. சதை செத்துத் தழும்பாகிக்கொண்டே போனது. மருந்து கேட்காத கட்டத்தில் ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து இதயத்தில் செலுத்திப் பார்க்கும் ஆய்வு.

அந்தச் செல்கள் புதுச் சதையாகவே மாறிவிடும் என்று அடெல்மோ நினைத்திருந்தார். அப்படியில்லை, காயம்பட்ட இடம் கூப்பிட்டால் போகும், வீக்கத்தைத் தணிக்கும், பக்கத்துச் செல்களை வேலைக்கு உசுப்பும், கொஞ்ச நாளில் மறைந்துவிடும், இதுவும் நாங்கள் நம்புவதுதான் என்று டாக்டர் விளக்கினார்.

“அப்ப நம்ம ஒசோரியோ மாதிரின்னு சொல்லுங்க. வேலை நடக்கிற எடத்துக்கு வருவான், நாலு பேரை வெரட்டுவான், மத்தியானம் பாத்தா ஆளே இருக்க மாட்டான்” என்றார் அடெல்மோ.

ஊசிக்குப் பிறகு தேறினார். ஜூன் திருவிழாவில் நெருப்பைச் சுற்றி ஜெனில்டாவோடு ஆடக்கூடச் செய்தார். அடுத்த மழைக்காலத்தில் கால் மறுபடி வீங்கியது.

இப்போது டாக்டர் தயங்கித் தயங்கி, அவருடைய இதயத்தை ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டார். அண்ணனைக் கூறு போட விடமாட்டேன் என்று ஒசோரியோ குறுக்கே வந்து நின்றான். ஜெனில்டா வேறொன்று கேட்டாள்.

“அவருக்குப் போட்டது செல்லா, வெறும் தண்ணியா?”

பாதிப் பேருக்கு உப்புத்தண்ணீர்தான் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆய்வு முடிந்து, போன வாரம்தான் தெரியவந்தது.

“தண்ணிதாம்மா” என்றார் டாக்டர்.

ஒசோரியோ சுவரில் ஓங்கிக் குத்திவிட்டு வெளியே போய்விட்டான். ஜெனில்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமே போடாத இதயம் உங்களுக்கு எதுக்கு?”

“அதையும் பாத்தாத்தாம்மா, போட்ட இதயத்துல என்ன மாறியிருக்குன்னு சொல்ல முடியும்.”

அவள் எழுந்து, புருஷன் சட்டையில் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே அவிழ்த்தாள்.

மறுநாள் வீட்டில் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஸ்டெம் செல்தான் இவ்வளவு நாள் ஓட்டியது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஜெனில்டா மறுக்கவில்லை. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடை வால்டெமிர் பக்கத்தில் வந்தான். அவனுக்கும் அதே நோய். அடுத்த சுற்று ஆய்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“போகலாமாக்கா?”

அவள் ஜாடியைக் கீழே வைத்தாள். “அவருக்குப் போட்டது தண்ணி. டாக்டரம்மாவே சொன்னாங்க.”

வால்டெமிரின் முகம் வாடிப்போனது. “அப்ப ஆடினாரே?”

“ஆடினாரு. ஏன்னு எனக்குத் தெரியல. உனக்கு என்ன போடுவாங்கன்னும் தெரியாது. ஆனா கேட்டா ஒளிக்காம சொல்ற டாக்டரு. நான் போன்னும் போகாதன்னும் சொல்ல மாட்டேன்.”

பெட்டியைத் தூக்கும்போது அவனும் கைப்பிடியைப் பிடிக்க வந்தான். ஒசோரியோ அவனை விலக்கிவிட்டுத் தானே பிடித்தான்.

கல்லறைக்குப் போகும் வழி ஒரே ஏற்றம். கூட்டம் முன்னே போயிற்று. பாதி வழியில் வால்டெமிர் ஒரு மதில்மேல் கையூன்றி நின்றுவிட்டான். நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெனில்டா நின்றாள். குனிந்து செருப்பு வாரைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அவனுக்கு மூச்சு சீரானதும் நிமிர்ந்தாள்.